நூற்றொன்றாவது துகள்

புதிதாகச் சேரும் நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை காலை இந்த அறைக்குள் நுழையும்போது நான் ரயிலில் வடக்கே போய்க்கொண்டிருப்பேன். அறைச் சாவி நம் அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் இருக்கிறது. கணிப்பொறியை எப்படி எழுப்புவது, எந்த ஃபிளாப்பியை முதலில் போடுவது, பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் தட்டுவது என்பதெல்லாம் நீல அட்டை நோட்டில் வரிசையாக இருக்கிறது. இந்தத் தாள்கள் அதற்காக அல்ல. ஆறு வருடத்தில் நான் செய்த தவறுகளில் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றிய இரண்டை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். முதலாவது சின்னது. இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் தலை கிறுகிறுக்கிறது, கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது. கையெழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோது, பக்கத்து அறையில் படிகம் வளர்க்கும் ஸ்காலர் இசக்கி எட்டிப் பார்த்தான். நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். "பணி அனுபவம்லாம் ரிட்டயர் ஆனவங்கதாம்லே எழுதுவாவ. ஒனக்கு இருவத்தெட்டுதான ஆவுது" என்றான். இந்த அறையிலிருந்து ரிட்டயர் ஆகிறேனே என்றேன். "அப்பம் பென்ஷன் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நம் வேலையை உங்கள் வீட்டில் கேட்பார்கள், சொல்லத் தெரிய வேண்டும். நான் இப்படிச் சொல்வேன். சூரியனுக்குள் எரிகிற மாதிரி ஒரு தீயைப் பூமியில் ஒரு பாத்திரத்துக்குள் எரிய வைக்க உலகம் முழுக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். அவ்வளவு சூட்டில் வாயு வாயுவாக இருக்காது. எலெக்ட்ரானும் அயனியும் தனித்தனியாகப் பிரிந்து திரியும். அதற்குப் பெயர் பிளாஸ்மா. அந்தப் பாத்திரம் நம்மிடம் கிடையாது. நமக்குக் கணிப்பொறிதான் பாத்திரம். அதற்குள் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, பெட்டியைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் துகள்களைப் போடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குள் இருக்கிறவர்களைக் குலுக்கிப் போட்டு, இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்து, மோதவிடுகிறோம். மோதியவர்கள் எந்தத் திசையில் எவ்வளவு திரும்புவது என்பதையும் குலுக்கல்தான் முடிவு செய்யும். ஒன்றே ஒன்றுதான் நிபந்தனை. மொத்தச் சக்தி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இவ்வளவுதான். மற்றதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

இனி அந்தச் சின்னத் தவறு. சேர்ந்த முதல் மாதம். ஒரே கணக்கை மூன்று நாள் தனித்தனியாக ஓட்டினேன். மூன்று நாளும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு நம் வழிகாட்டி மேடத்தின் அறைக்கு ஓடினேன். மேடத்தை உங்களுக்குத் தெரியும், பாளையங்கோட்டைக்காரர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர். ஒரு புள்ளி பிசகவில்லை பாருங்கள் என்று தாள்களை மேசையில் விரித்தேன். அவர் மூன்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தாயம் உருட்டுனா மூணு நாளும் ஒரே மாதிரியாப்பா விழும்?" என்று கேட்டார்.

குலுக்கல் எண்களை எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டும். அதை மாற்றாமல் விட்டால் அது ஒவ்வொரு நாளும் அதே குலுக்கலைத்தான் குலுக்கும். நான் மூன்று முறை ஓட்டியது மூன்று சோதனை அல்ல. ஒரே சோதனையை மூன்று முறை அச்சடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நம்பியவன். அங்கே எல்லாருக்கும் ஒரே விடை வந்தால்தான் மார்க். இங்கே அப்படி இல்லை. பிசகாமல் வருகிற எதையும் பார்த்து மகிழ்வதற்கு முன்னால், அது கொஞ்சம் பிசக வேண்டியதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு மூன்றாம் வருடம் வந்தது. வேகமான ஓர் எலெக்ட்ரானை மந்தமான கூட்டத்துக்குள் விட்டால் அது எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. சந்தைக்குள் சைக்கிளை வேகமாக விட்டவன் கதிதான் அதற்கும். நாலு பேரை இடித்து, நாலு பேரிடம் இடிபட்டு, கடைசியில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய புரோகிராம் அறைக்கு நூறு துகள் என்று கணக்கு வைத்திருந்தது. தொண்ணூற்றொன்பது மந்தமானது, ஒரு வேகமானது என்று போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. நூறு என்று முட்டி நிற்பதை எங்கள் பக்கம் யாரும் விரும்புவதில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் நூற்றொரு தேங்காய். கல்யாணத்துக்குக் கவர் கொடுத்தால் நூற்றொன்று. அந்தக் கை தானாக விசைப்பலகையில் போய் நூற்றொன்று என்று அடித்தது. நூறு மந்தமானவை, அவற்றுக்கு மேல் கடைசியாக ஒரு வேகமானது. இருநூறு அறைகளிலும் இதே ஏற்பாடு. அந்தச் சோதனையில் துகள்கள் அறை மாறாது. தங்கள் அறைக்குள்ளேயே மோதிக்கொண்டிருக்கும்.

மறுநாள் மதியம் பிரிண்டர் கரகரவென்று படத்தைத் துப்பியது. வேகமான எலெக்ட்ரான்களின் வேகத்தைக் காட்டும் கோடு சரிந்து இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஆயிரம் சுற்று போன பிறகும் நேராக, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நின்றது.

மேடம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சக்தியைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டினேன், சரியாக இருந்தது. வேகமாக ஓடுகிற எலெக்ட்ரானுக்கு மோதலின் பாதிப்பு குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மைதான். அதனால் கோடு மெதுவாக இறங்கியிருந்தால் நாங்கள் கண்டுகொண்டிருக்க மாட்டோம். "ஒரு பொட்டுகூடவா கொறையல?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். நான் முதல் வருடத்துப் பாடத்தை மறக்காதவன். குலுக்கலின் தொடக்க எண்ணை மாற்றி மாற்றி ஐந்து தடவை ஓட்டினேன். மற்றத் துகள்களின் எண்கள் எல்லாம் ஒழுங்காகப் பிசகின. இந்தக் கோடு மட்டும் அசையவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டத்துக்குள் விட்டாலும் அடங்காத எலெக்ட்ரானை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

ஐந்தாவது தடவையும் ஓடி முடிந்த அன்று சாயந்திரம் களக்காட்டுக்கு, வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். பேருந்து நிலையத்தில் எந்த வண்டியில் ஏறினேன் என்றே பார்க்கவில்லை. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். கடைசி வரைக்கும் என்றேன். அவரும் கிழித்துக் கொடுத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டம் வர வேண்டிய இடத்தில் செம்மண்ணும் பனைமரமும் வந்துகொண்டே இருந்தன. ஊர் எப்படி ஒரே நாளில் இப்படி அழகாகிவிட்டது என்று பார்த்துக்கொண்டே போனேன். திசையன்விளையில் இறக்கிவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கண்டக்டரிடம் இது களக்காட்டு வண்டி இல்லையா என்றேன். "கடைசி வரைக்கும்னீரு, கொண்டாந்து விட்டாச்சு. இன்னும் போகணும்னா கடலுதான் வே" என்றார். எனக்கு அதுவும் நல்ல செய்தியாகத்தான் பட்டது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கிறுகிறுப்பு பொய்யல்ல. உங்களுக்கும் ஒருநாள் வரும், வர வேண்டும். வரும்போது பேருந்தின் போர்டைப் படித்துவிட்டு ஏறுங்கள், அவ்வளவுதான்.

அப்பா களக்காட்டில் வாழைத்தார் சுமக்கிறவர். அடங்காத எலெக்ட்ரானைப் பற்றி மறுநாள் காலையில் அவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அது எங்கே இருக்கிறது என்றார். கணிப்பொறிக்குள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த முடிவு எங்கள் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் ஏறியது. அறிக்கை, திட்டத்தைப் பார்வையிட வரும் மூவர் குழுவுக்குப் போனது. அப்போது எங்கள் திட்டத்துக்குக் கொடுத்திருந்த மூன்று வருடம் முடிகிற நேரம். குழு சரி என்றால் இன்னும் மூன்று வருடம். இல்லை என்றால் கணிப்பொறியைக் கட்டி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பாதி ஆய்வேட்டோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குழுத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினோராம் பக்கத்தைத் தாம் மூன்று முறை படித்ததாகவும், அதைப் பற்றிப் பேசவே முக்கியமாக வருவதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

குழு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஐப்பசி அடைமழை. புதன்கிழமை நம் துறைக்கு வருகிற டிரான்ஸ்ஃபார்மரில் இடி விழுந்தது. ஆற்றில் வெள்ளம், ஊர் முழுக்க மரம் சாய்ந்து கிடந்தது. சனிக்கிழமைக்கு முன்னால் மின்சாரம் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டிக் காட்ட வேண்டிய கணிப்பொறி கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருந்தது. நான் பதறிப்போய் மேடத்திடம் ஓடினேன். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

"கரண்ட் இல்லாட்டா என்னப்பா, ஆளு இருக்குல்லா. ஆளை வச்சு ஓட்டிக் காட்டுவோம்" என்றார்.

வியாழக்கிழமை மதியம் வராந்தாவில் ஒத்திகை. துகளுக்குப் பதில் மனிதர்கள், வேகத்துக்குப் பதில் புளியங்கொட்டை. மெஸ்ஸிலிருந்து ஒரு படி கொட்டை வந்தது. எம்.எஸ்ஸி. மாணவர்கள் ஏழு பேர், இசக்கி, டைப்பிஸ்ட் அக்கா, வாட்ச்மேன், எல்லாருக்கும் கடைசியாகச் சுடலைமுத்து அண்ணாச்சி. ஆக, பதினொரு பேர். பத்துப் பேரோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அங்கேயும் என் கை ஒன்றைக் கூட்டிப் போட்டது. பத்துப் பேருக்கு ஆளுக்கு நாலு கொட்டை. அண்ணாச்சிதான் வேகமான எலெக்ட்ரான், அவருக்கு மட்டும் இருபது. ஜோடி சேர்கிறவர்கள் இருவரும் தங்கள் கொட்டைகளை ஒன்றாகக் கொட்ட வேண்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறதை அள்ள வேண்டும், மிச்சம் மற்றவருக்கு. மொத்தக் கொட்டை கூடாது, குறையாது.

கணிப்பொறியாக நானே நின்றேன். தலைவர் நுணுக்கம் பார்க்கிறவர் என்பதால் வரிக்கு வரி புரோகிராம் சொல்கிறபடியே நடக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அது சொன்னபடியே ஜோடிகளை எண்ணி, அது சொன்னபடியே சீட்டு எழுதி, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டேன்.

முதல் சுற்றிலேயே வராந்தா கலகலத்துவிட்டது. டைப்பிஸ்ட் அக்கா இசக்கியோடு மோதி இருந்த நாலையும் இழந்தார். அடுத்த சுற்றில் வாட்ச்மேனோடு மோதி அஞ்சு சம்பாதித்தார். கண்ணை முழுசாக மூடவில்லை என்று வாட்ச்மேன் சண்டைக்கு வந்தார். ஒரு மாணவன் இரண்டு கொட்டையைச் சட்டைப்பையில் பதுக்கினான், மொத்தம் குறைந்ததை வைத்து அவனைப் பிடித்தோம். மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு மூன்று பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஆறாவது சுற்று முடிந்தபோது அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"என்னவே இது, எல்லாரையும் மாத்தி மாத்திக் கூப்பிடுதீரு. என்னைய மட்டும் கூப்பிட மாட்டேங்கீரு. இருவது கொட்டையையும் வேட்டியில முடிஞ்சுக்கிட்டு நிக்கேன்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். மாணவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக விளக்கினேன். அவர் வேகமான எலெக்ட்ரான், அவர் ஓடுகிற ஓட்டத்தில் யாராலும் அவரைத் தொட முடியவில்லை, அதுதான் நம் கண்டுபிடிப்பு, பதினோராம் பக்கம்.

"நான் எங்கவே ஓடுனேன்?" என்றார் அண்ணாச்சி. "வந்ததுலேர்ந்து இந்தத் தூணுகிட்டதான நிக்கேன். அந்த டம்ளர்ல எம் பேரு இருக்கா இல்லையா, அதச் சொல்லும்."

டம்ளரைக் கவிழ்த்தேன். பத்துச் சீட்டு இருந்தது.

தாளைப் பார்த்தேன். துகள்களின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்து, அத்தனை ஜோடி என்று இருந்தது. பதினொன்றை இரண்டால் வகுத்தால் அஞ்சரை. இந்த மாதிரி முழு எண் கணக்கில் கணிப்பொறி அரையைச் சத்தம் காட்டாமல் கீழே போட்டுவிடும். அஞ்சு ஜோடி. அஞ்சு ஜோடிக்குப் பத்துப் பேர். குலுக்குவது அந்தப் பத்துப் பேரைத்தான். நூறு இருந்தவரை இதில் ஒரு குற்றமும் இல்லை. நூற்றொன்று வந்ததும் கடைசியில் நிற்கிறவனை டம்ளருக்குள் போடவே இல்லை. எந்தத் தொடக்க எண்ணை மாற்றினால் என்ன, இல்லாத சீட்டு எப்படி வரும். இருநூறு அறைகளிலும் என் வேகமான எலெக்ட்ரான்கள் ஆயிரம் சுற்றாகத் தூணோரம் நின்றிருக்கின்றன. யாரும் கூப்பிடவில்லை. அதனால்தான் வேகம் குறையவில்லை.

மேடத்துக்கு என்னைவிட ஒரு நொடி முன்னாலேயே புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், சத்தம் வராமல் சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று மாதம் தரையில் கால் படாமல் நடந்தவன் நான். விழுகிற நேரத்திலும் அதே கிறுகிறுப்புதான் இருந்தது. நம்புங்கள், வித்தியாசம் தெரியவில்லை. மாணவர்களுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

உடனே புரோகிராமைப் பேனாவால் திருத்தினோம். எல்லாரையும் குலுக்க வேண்டும். ஒற்றைப்படையாக வந்தால் கடைசி மூன்று பேரை ஒரு கூட்டாக்கி, ஒருவரோடொருவர் பாதி வலுவில் மோதவிட வேண்டும். கொட்டையை வைத்து மறுபடி ஓட்டினோம். நாலே சுற்றில் அண்ணாச்சியிடம் இருந்த இருபதில் பதினேழு போய்விட்டது. இளைத்துப்போன வேட்டி முடிச்சைத் தூக்கிக் காட்டி, இப்போதுதான் சரி என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வராந்தா காலியானதும் இசக்கி என்னைத் தனியாக இழுத்துப்போனான். அவன் கெட்டவன் அல்ல, நீங்களே பார்ப்பீர்கள். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான்.

"கரண்ட் இல்ல. கணிப்பொறியில ஓட்டிப் பாக்காம தப்புன்னு எப்படிலே சொல்லுவ? புளியங்கொட்டைய வச்சா? நாளைக்கு இருக்கதச் சொல்லு. அவிய கையெழுத்துப் போட்டுட்டுப் போவட்டும். அப்புறமா ஓட்டிப் பாத்துத் திருத்தி ஒரு லெட்டர் போடு. யாரும் ஒன்னைய ஏசப்போறதில்ல."

இதை நீங்கள் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஓட்டிப் பார்க்காத ஒன்றைத் தப்பு என்று சொல்வது ஒழுங்கான விஞ்ஞானம் அல்லதான். நான் வாய் திறக்காவிட்டால் பொய் சொன்னவனும் ஆக மாட்டேன். மேடத்திடம் போய் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். நாளைக்குப் பேசப்போவது நீதான், என்ன பேசுவது என்பதை நீயே முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டார். அவருடைய மூன்று வருடமும் அதில்தான் இருந்தது. அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அன்று விடுதியில் உட்கார்ந்து என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். கோடு நேராக வந்தபோது, நல்ல சேதி என்பதால், ஐந்து தடவை ஓட்டியதைப் போதும் என்று நினைத்தேன். கெட்ட சேதி வந்ததும் ஓட்டிப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்கிறேன். இரண்டுக்கும் இரண்டு தராசா? அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூவரும் நனைந்துபோய் வந்து சேர்ந்தார்கள். தலைவர் உயரமானவர், வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்தவர், நரைத்த புருவம். சிரிப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தோன்றாது. உட்கார்ந்ததும், மற்றவை பிறகு, பதினோராம் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எழுந்து நின்றேன். பதினோராம் பக்கம் தவறு, ஐயா, நேற்றுதான் தெரிந்தது என்றேன்.

 எப்படித் தெரிந்தது என்றார் தலைவர். அதற்குப் பதில் சொல்ல என் ஆங்கிலம் போதாது என்று பட்டது. புளியங்கொட்டையை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். குழுவில் மூன்று பேர், அதுவே ஒற்றைப்படை. மற்ற இருவருக்கும் நாலு நாலு, கடைசியாகத் தலைவருக்கு இருபது. பழைய புரோகிராம்படியே ஓட்டினேன். மூன்றை இரண்டால் வகுத்தால் ஒரு ஜோடி. மற்ற இருவரும் கண்ணை மூடிக் கொட்டையை அள்ளி அள்ளி விளையாடினார்கள். தலைவர் இருபது கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாலாவது சுற்றில் நிமிர்ந்து, என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். அதுதான் பதினோராம் பக்கம், ஐயா என்றேன்.

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதற்காக நூற்றொன்று? எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு நூறு என்று முட்டி நிறுத்த மாட்டோம், ஒன்று சேர்ப்போம், கை பழக்கத்தில் போட்டுவிட்டேன் என்றேன். அவர் கொட்டைகளை மேசையில் வைத்தார். எழுந்தார். வெளியூருக்குப் பேச இங்கே தொலைபேசி எங்கே இருக்கிறது என்றார்.

முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நேராக மேலிடத்துக்கே சொல்லப்போகிறார். மேடத்தைத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. கேட்டுக்கு வெளியே இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரே குடையில் அவரை அழைத்துப்போனேன். அவர் உயரத்துக்குக் குடையைப் பிடித்ததில் நான் முழுக்க நனைந்தேன். பூத்துக்காரர் பாட்டரி போட்டு மீட்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். தலைவர் கதவைச் சாத்திக்கொண்டார். லைன் சரியில்லை, கத்த வேண்டியிருந்தது. எனக்கு இந்தியில் எண்கள் மட்டும் கொஞ்சம் தெரியும். யாரிடமோ ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டதும், "ஏக் சௌ ஏக்?" என்று கத்தினார். மறுபடி, இன்னும் சத்தமாக, "ஏக் சௌ ஏக்?"

ஏக் என்றால் ஒன்று. சௌ என்றால் நூறு.

வெளியே வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்திலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. பூத்துக்காரர் எழுந்து நின்று, "அய்யாவுக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டார். சிரிப்புக்கு நடுவே தலைவர் சொன்னதை நான் துண்டு துண்டாகத்தான் புரிந்துகொண்டேன். அவருடைய நிலையத்திலும் ஒரு மாணவன் இதே மாதிரி ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறான். அதிலும் அடங்காத எலெக்ட்ரான் வந்திருக்கிறது. ஒரு வருடமாக நம்புவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர், எங்கள் பதினோராம் பக்கத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார். நாட்டின் இரண்டு கோடியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேருக்கு ஒரே விடை வந்தால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும். கட்டுரையைப் பாதி எழுதிவிட்டார். அந்த மாணவன் ஊரிலும் நல்ல காரியத்துக்கு நூறில் நிறுத்த மாட்டார்களாம்.

இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேருடைய கையும் ஒரே பழக்கத்தில் வளர்ந்ததா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து, வாசலில் நின்று, பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். மேடம் பதறி எழுந்தார். "பைய மூச்சு வாங்கிட்டுச் சொல்லு, என்னாச்சு?" என்றார். தலைவரே சொன்னார். இன்னும் மூன்று வருடம். முதல் வேலையாகத் தம்முடைய நிலையத்தின் புரோகிராமை வரி வரியாகப் படித்து, வேறு யார் யாரெல்லாம் அதில் கூப்பிடப்படாமல் நிற்கிறார்கள் என்று நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும்.

மறுநாள் மின்சாரம் வந்தது. திருத்திய புரோகிராமை ஓட்டினேன். கோடு ஒழுங்காகச் சரிந்து இறங்கியது. அப்படி ஓர் அழகான சரிவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போர்டைப் படித்துவிட்டு, சரியான வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அப்பா அப்போதுதான் சுமை இறக்கிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். முன்னால் சொன்னது தப்பு, அப்படி ஒரு எலெக்ட்ரான் கிடையாது என்றேன். அதை எல்லார் முன்னாலும் சொன்னேன், இன்னும் மூன்று வருடம் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புன்னு சொன்னதுக்கா குடுத்தாவ?"

ஆமாம் என்றேன்.

"அப்பம் அவிய அடுத்து வருததுக்குள்ள இன்னொரு தப்பையும் பாத்து வச்சிரு" என்றார்.

ஒன்று போதுமா என்று கேட்டேன்.